ஆடியில் பால் காய்ச்சியவர்கள்

ஆடி மாதம் வந்தால் என் மாமாவுக்கு வேலை இருக்காது. ஆடியில் யாரும் வாசக்கால் வைக்க மாட்டார்கள், கடைக்கால் தோண்ட மாட்டார்கள், புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். ஆவடிப் பக்கம் மேஸ்திரியாக இருந்த மாமா அந்த ஒரு மாதம் முழுக்க வண்டியைத் துடைப்பதும், அக்கா வீட்டுக்கு வந்து கூழைக் குடித்துவிட்டுக் கருவாட்டுக் குழம்பில் உப்பு கம்மி என்று சொல்வதுமாகப் பொழுதை ஓட்டுவார். அப்படி ஓர் ஆடியில்தான், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நாங்கள் வீடு கட்ட எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்ப்பதாக முடிவாயிற்று. தொடங்குவதுதான் ஆகாது, கணக்குப் பார்ப்பதில் தோஷமில்லை என்றாள் அம்மா. மாமாவுக்கும் பொழுது போகவேண்டியிருந்ததால் ஒத்துக்கொண்டார்.

அம்பத்தூரில் நாங்கள் இருந்தது லைன் வீடு. ஆறு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ், ஒரு குழாய், ஒரு ஓனரம்மா. மூன்றாவது ஆள் மற்ற இரண்டையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தார். எங்கள் போர்ஷன் ஒரே அறை. அடுப்புக்குப் பக்கத்தில் என் புத்தகப் பை, பைக்குப் பக்கத்தில் அப்பாவின் தலையணை. வெளிச்சம் வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும், கதவைத் திறந்தால் எதிர் போர்ஷன்காரர்கள் நம் குழம்புக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அம்மா தினமும் தண்ணீருக்கு வரிசையில் நின்று, கக்கூஸுக்கு வரிசையில் நின்று, மீதி நேரத்தில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வீடு வேண்டும். அதில் ஒரு சமையலறையும், அந்தச் சமையலறைக்கு ஒரு ஜன்னலும் வேண்டும். வேறெதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். மாதாமாதம் தவணை கட்டி, வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி வெகுதூரம் நடந்தால் வரும் ஓர் இடத்தில் அரை கிரவுண்டு வாங்கிப் போட்டிருந்தார். நெல் வயலைப் பிரித்து, மஞ்சள் அடித்த கற்களை நட்டு, 'நகர்' என்று எழுதி ஒரு வளைவும் கட்டியிருந்தார்கள். வளைவுக்குப் பின்னால் நகர்தான் இல்லை. பூசாத வீடுகள் இரண்டு தள்ளித் தள்ளி நின்றன, அவற்றிலும் ஆள் இல்லை. காகிதத்தில் தெரு இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. உச்சி வெயிலில் அங்கே போய் நின்றால், தூரத்தில் ஒரு ரயில் கடந்துபோன பிறகு வேறு சத்தமே கேட்காது. நம் பேச்சுக்குரலே யாரோ பேசுவதுபோல் இருக்கும். இரவில் பயமுறுத்தும் இடங்களைப் பற்றி எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், பகலில் பயமுறுத்துகிற இடம் ஒன்று உண்டு என்று எனக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை நால்வரும் போனோம். மாமா ஒரு பையில் டேப்பும் நூலும், இன்னொரு பையில் சுண்ணாம்புத் தூளும் கொண்டுவந்திருந்தார்.

"காய்தத்துல போட்டா ஒண்ணும் புரியாது மாமா. தரையில போட்டுட்டு உள்ள பூந்து நின்னு பாருங்க. அப்பதான் எத்தினி கல்லு, எத்தினி மூட்டைன்னு எனக்கும் சொல்ல வரும்" என்றார் அப்பாவிடம். எனக்கு மாமாவானவர் என் அப்பாவை மாமா என்று கூப்பிடுவது அந்த வயதில் எனக்கு ஒரு தீராத வேடிக்கை.

அம்மாவைத்தான் கேட்டுக் கேட்டுப் போட்டார். அடுப்பு எங்கே, கட்டில் எங்கே, கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, அம்மா தயங்காமல் கையைக் காட்டினாள். வருஷக்கணக்காக அந்த வீட்டில் இருந்துவிட்டு வந்தவள் சொல்வதுபோல் இருந்தது. டப்பாவில் ஓட்டை போட்டுச் சுண்ணாம்பை உதிர்த்துக்கொண்டே மாமா நடக்க நடக்க, வெறும் மண்ணில் ஒரு வீடு படுத்த வாக்கில் வந்தது. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை, பின்பக்கம் குளிக்க இடம். ஹாலை ஒட்டி ஒரு சின்ன அறை. "இது பாப்பா படிக்கறதுக்கு" என்றாள் அம்மா.

வரைந்து முடித்த கையோடு அம்மா ஒரு சட்டமும் போட்டாள். யாரும் சுவரைத் தாண்டக் கூடாது, வாசல் வழியாகத்தான் வரவேண்டும், போகவேண்டும். அப்பா பீடி பிடிக்க எழுந்து சமையலறைச் சுவரை மிதித்துக்கொண்டு போனபோது, "ஏங்க, கண்ணு தெரியல? செவுத்துல பூந்து போறீங்க?" என்று கத்தினாள். அப்பா சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். ஹாலில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டோம். நான் என் அறையில் மல்லாந்து படுத்து, மேலே காங்கிரீட் தளம் இருப்பதாக நினைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு மாமா கணக்குப் பார்த்தார். கோட்டின் மேலேயே பாதத்துக்குப் பாதம் ஒட்டி வைத்து நடந்து செங்கல்லைக் கூட்டினார். மனை ரோட்டைவிடத் தாழ்ந்து கிடக்கிறது, இடுப்பு உயரத்துக்குச் சவுடு மண் கொட்டி ஏற்றாவிட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் நடுவீட்டில் நிற்கும் என்றார். கடைக்கால், சவுடு, பேஸ்மட்டம் என்று பாதிப் பணம் பூமிக்குக் கீழேயே போய்விடும், அதற்கப்புறம்தான் வீடு என்று ஒன்று கண்ணுக்கே தெரியும் என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடியில் இதே அளவில் இன்னொரு வீடு தலைகீழாக இருப்பதாகவும், அதற்கும் சேர்த்து நாங்கள் காசு கொடுக்க வேண்டும் என்றும் தோன்றிவிட்டது. அதன்பிறகு காலை நீட்டி உட்காரக்கூட யோசனையாக இருந்தது.

மொத்தத் தொகையை மாமா அப்பாவிடம் மட்டும் தனியாகச் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "சின்ன ரூமு இப்போதிக்கி வேணாமே" என்றார். செருப்புக்காலாலேயே என் அறையைத் தேய்த்து அழித்தார். சமையலறையிலும் ஓர் அடி உள்ளே தள்ளிக் கோடு போடச் சொன்னார். அம்மா பாத்திரத்தைக் கட்டினாள். கட்டாத அறைக்காக அழுதால் சிரிப்பார்கள் என்று நான் அழவில்லை.

அந்த வாரம் முழுக்க ஆடிக் காற்று. லைன் வீட்டுக் கொடியிலிருந்த துணிகளெல்லாம் அடுத்த தெருவில் போய் விழுந்தன. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மழையும் அடித்தது. சுண்ணாம்புக் கோடெல்லாம் எங்கே இருக்கப்போகிறது, மறுபடியும் முதலிலிருந்து போடவேண்டும் என்று புலம்பிக்கொண்டேதான் மாமா ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

வளைவைத் தாண்டும்போதே தெரிந்தது. வீடு இருந்தது.

இருந்தது மட்டுமல்ல, வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்பா அழித்த என் அறை திரும்ப வந்திருந்தது. சமையலறைக்கு அந்த ஓர் அடியும் கிடைத்துவிட்டது. நாங்கள் சுருக்கி வைத்துவிட்டுப் போன வீடு, எங்களுக்குத் தெரியாமல் பழைய அளவுக்கு வளர்ந்து நின்றது.

"நீ வந்து போட்டியா மச்சான்?" என்று அப்பா கேட்டார்.

"நான் இன்னாத்துக்கு மாமா போடறேன்? இந்தப் பக்கமே வர்ல நானு."

மழை ஈரத்தில் பதிந்து அப்படியே காய்ந்துபோன கால் தடங்கள் இருந்தன. செருப்புத் தடம் வாசலுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. அதற்கு உள்ளே வெறுங்கால். அந்தக் கால் ஹாலில் நடந்திருந்தது, சமையலறைக்குள் திரும்பியிருந்தது, அங்கே ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றிருந்தது, பிறகு என் அறைக்குப் போயிருந்தது. ஒரு தடம்கூடக் கோட்டை மிதிக்கவில்லை. யாரோ பசங்கள் வந்து விளையாடியிருப்பார்கள் என்று அப்பா சொன்னார். பசங்கள் சுவரைத் தாண்டாமல் விளையாட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். யாரும் பார்க்காதபோது நானே நாலைந்து தடவை தாண்டியிருந்தேன்.

மாமா குனிந்து, கோட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "இது சுண்ணாம்பு இல்..." என்று ஆரம்பித்தவர், அம்மாவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

அம்மா அதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருந்தாள். "இந்தக் காத்துல கூட அழிய மாட்டேங்குது பாருங்க" என்று ஹாலிலிருந்து குரல் கொடுத்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. என் அம்மாவுக்குக் கரப்பான்பூச்சியைத் தவிர வேறெதற்கும் பயமில்லை என்று எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அன்றும் சுருக்கினார்கள். காங்கிரீட் தளத்துக்குப் பதிலாக ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று ஆயிற்று. படுக்கையறையும் போயிற்று. உள்சுவரை மெல்லிசாக எடுத்துவிடலாம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று அப்பா கேட்டதற்கு, "இதுக்கு மேல கம்மி பண்ணா அது வூடு இல்ல மாமா, பெட்டிக்கட" என்று மாமா சொல்லிவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த வாரத்தில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. சனிக்கிழமை காலையில் அம்மா கடைக்குப் போயிருந்தபோது, வாசலில் கோலம் போடலாம் என்று கோலமாவு டப்பாவை எடுத்தேன். டப்பா காலியாக இருந்தது. முந்தின வாரம்தான் தெருவில் வந்தவரிடம் ஒரு படி வாங்கித் தளும்ப நிரப்பி வைத்தது. எங்கள் போர்ஷனுக்கு முன்னால் இருந்த இடம் இரண்டு முறத்துக்குச் சரி, அதில் அம்மா போடுவதும் நாலு இழைக் கோலம். மாவு எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன். வேப்பம்பட்டில் வீடு வரைகிறது எதுவோ, அதற்கு எங்கள் அம்பத்தூர் வீடும் தெரிந்திருக்கிறது, அலமாரியில் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கிறது. டப்பாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னால் அவளும் பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லை. அம்மாவைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வீடு மறுபடியும் வளர்ந்திருந்தது. படுக்கையறை வந்துவிட்டது. என் அறைக்குள் இந்தத் தடவை புதிதாக ஒன்று இருந்தது. சுவரை ஒட்டி நீளவாக்கில் ஒரு கட்டம், அதற்கு முன்னால் சின்னதாக ஒரு சதுரம். மேஜையும் நாற்காலியும் என்று எனக்கு உடனே புரிந்தது. எனக்கு மேஜை கிடையாது. நான் தரையில் குப்புறப் படுத்துத்தான் எழுதுவேன்.

அப்படியானால் அங்கே ஒரு பெண் இருக்கிறாள். என் வயசு, என் உயரம். நாங்கள் இல்லாத நாட்களில் அவள் அம்மா சமைக்கிறாள், அவள் மேஜையில் உட்கார்ந்து படிக்கிறாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து சுவரை அழித்துவிட்டுப் போகும்போதெல்லாம் எங்கேயோ ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதுகு சில்லிட்டது. கூடவே இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு மேஜை இருக்கிறது, எனக்கு இல்லை என்று எரிச்சலாக வந்தது.

அன்றைக்கு ஏரிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். பழைய ஊர்க்காரர். அந்த வயலெல்லாம் அவருடைய பங்காளிகள் விற்றது. எங்கள் கோடுகளுக்கு நாலு அடி தள்ளியே நின்றுகொண்டு, "இது யாரு மனை? உங்க்ளுதா?" என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார்.

"ஒண்ணுமில்ல நைனா. போன வெள்ளிக்கிழம உச்சி வெயில்ல ஒரு பொம்பள வந்துச்சு. மஞ்சப் பொடவ. தலையில முக்காடு. தூரத்துல இருந்து பாத்ததுல மூஞ்சி சரியா தெரியல. இங்க ஒக்காந்துகினு, எழுந்துகினு, பேசிகினு இருந்துச்சு. எதுத்தாப்ல ஆளே இல்ல."

"யார்னா மனை பாக்க வந்தவங்களா இருக்கும்" என்றார் அப்பா.

"மனை பாக்க வந்தவங்க கதவு சாத்துவாங்களா?" என்றார் அவர். "போம்போது, தோ, இங்க நின்னு, ரெண்டு கையால கதவ இழுத்து சாத்துச்சு. அப்பால பூட்டுச்சு. பூட்ட இழுத்து வேற பாத்துச்சு. நான் ஆட்ட ஓட்டிகினு அந்தாண்ட பூட்டேன்."

அவர் கைகாட்டிய இடத்தில் எங்கள் வாசல் இருந்தது. ஒரு கதவு இருந்தால் அதன் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் காற்றைப் பிடித்து இழுத்துக் காட்டினார். ஆடுகள் எங்கள் ஹாலைச் சுற்றிக்கொண்டு போயின. ஆடுகளுக்கு என்ன தெரிந்ததோ என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மா அந்த நேரம் பார்த்துக் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். மாமா பீடி வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனார், அந்தக் காட்டில் கடையே கிடையாது.

அதன்பிறகு அப்பா சுவரைத் தாண்டவே இல்லை. பீடி பிடிக்கக்கூட வாசல் வழியாகத்தான் போனார். அன்றைக்கு எதையும் அழிக்கவும் இல்லை, கணக்கும் பார்க்கவில்லை. புளிசோற்றைப் பூசாத ஒரு வீட்டின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

கடைசி ஞாயிறு. ஆடி முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. ஆவணி முதல் வாரத்தில் பூமி பூஜை போட வேண்டுமானால் அன்றைக்கு ஒரு தொகை முடிவாகியே ஆகவேண்டும். மாமா நியாயமாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். அப்பா அவசரமாகப் போய்க்கொண்டிருந்தவர், மனைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டார்.

வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கருப்பாக ஏதோ தெரிந்தது. கிட்டே போகப் போகப் பால் தீய்ந்த வாசனை லேசாக வந்தது.

சமையலறையில், அடுப்பு இங்கே என்று அம்மா முதல் நாள் கை காட்டிய அதே இடத்தில், மூன்று செங்கற்கள் கருகியிருந்தன. நடுவில் சாம்பல். கிழக்குப் பக்கத்துக் கல்லில் பால் பொங்கி வழிந்த கோடு, பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. வாசலுக்கு இரண்டு பக்கமும் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஹாலில் இரண்டு கொட்டாங்கச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, அடியில் பால் ஏடு காய்ந்து எறும்பு மொய்த்தது. மூன்றாவது கொட்டாங்கச்சி என் அறையில், அந்த மேஜையின் மேல் இருந்தது. அது மற்ற இரண்டையும்விடச் சின்னது.

அப்பா, அம்மா, ஒரு பெண் என்று நான் மனதுக்குள் எண்ணினேன். அவர்கள் குடிவந்துவிட்டார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் கை என் தலையில் இருந்தது, அது கொஞ்சமும் நடுங்கவில்லை.

அப்பா உள்ளே வரவேயில்லை. கோட்டுக்கு வெளியே நின்றபடி அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமாவிடம், "மச்சான், ஆடி மாசத்துல உசுரோட கீறவங்க எவனாவது பால் காச்சுவானா?" என்றார்.

மாமா கையிலிருந்த டேப்பை இழுத்து இழுத்து விட்டார்.

"நீயே சொல்லு. எத்தினி வூடு கட்டிக் குட்த்திருப்ப. எவனாவது ஆடியில பால் காச்சிப் பாத்திருக்கியா?"

"இல்ல மாமா" என்றார் மாமா. அது உண்மையும்கூட. அப்படியொரு காரியத்தைச் செய்ய எங்கள் பக்கத்தில் யாருக்கும் கனவில்கூடத் தோன்றாது.

"அப்ப இது மனுசங்க வேல இல்ல. பால் பொங்கிடிச்சி. இனிமே இது அவங்க வூடு. ஒரு வூட்டுக்கு ரெண்டு குடும்பம் பால் காச்ச முடியாது. நம்ப வேற பாத்துக்கலாம்." பேசப் பேச அப்பாவின் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. சொல்லி முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "இன்னா சொல்ற?"

அம்மா வாயைத் திறந்தாள். "அது..." என்று தொடங்கினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்துக்கொண்டே நின்றபோது எங்கேயோ ஒரு ரயில் வந்து, கடந்து, போய்விட்டது.

"அதுவும் சரிதான்" என்றாள் அம்மா.

மாமா டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். அவர் போட்டு வைத்திருந்த அந்த நியாயமான கணக்கு என்ன என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது அம்மா மட்டும் பின்தங்கினாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கொட்டாங்கச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கருவேலம் புதர்ப் பக்கம் வைத்தாள், சாம்பலின் மேல் மண்ணைத் தள்ளினாள், வாசல் வழியாக வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். பேய்வீட்டில் போய் எச்சில் எடுக்கிறாளே, அது நம்மோடு வந்துவிடுமே என்று எனக்கு உயிரே போயிற்று.

ஆவணியில் மனை கைமாறியது. வாங்கியவர் வெளியூர்க்காரர், அவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. லைன் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "மனை சரியில்ல" என்று அப்பா சொல்ல, எதிர் போர்ஷன்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நல்லவேளை தப்பித்தீர்கள் என்றார்கள். கையில் காசில்லை என்று சொல்லியிருந்தால் அதே ஆட்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஓனரம்மாகூடக் கொஞ்ச நாள் தண்ணீரை ஒழுங்காகத் திறந்துவிட்டார். அப்பாவின் பட்டறையில் அந்த வருஷம் ஓவர்டைமை நிறுத்தியிருந்தார்கள், கடன் தருவதாகச் சொன்ன இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்து மாமா சொல்லித்தான் தெரியும்.

அப்பா இப்போது இல்லை. நானும் அம்மாவும் திருமுல்லைவாயலில் மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறோம், என் பேரில் வங்கிக் கடன். சமையலறைக்கு ஜன்னல் இருக்கிறது, திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் பைப்புகள் தெரியும். அம்மா அதையே நன்றாக இருக்கிறது என்று சொல்கிறாள். கோலமாவு யார் எடுத்தது, அந்த மேஜை யாருக்கு, சின்னக் கொட்டாங்கச்சி யாருக்கு என்பதெல்லாம் நான் வளர வளரத் தானாகவே விளங்கிவிட்டது. ஆடி வெள்ளிகளில் அம்மா மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், அவ்வளவுதான் மர்மம். நான் பொறாமைப்பட்ட அந்தப் பெண் நானே என்று புரிந்த அன்றைக்குத்தான் கொஞ்சம் அழுதேன். ஆனால் ஒன்று மட்டும் பிடிபடாமலே இருந்தது. போன ஆடியில், அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"ஆடியில போயி ஏம்மா பால் காச்சின?"

அவள் நிமிரவில்லை. "ஆவணி வர்றதுக்குள்ள அந்த வூடு இருக்காதுன்னு தெரிஞ்சிடிச்சி. இருக்கும்போது காச்சிக்கினேன்."

"அப்பா அப்டி பயந்தாரே. நான்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மனைய வித்திருக்க மாட்டாரில்ல?"

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். நான் இன்னும் ஒன்பது வயதிலேயே இருக்கிறேனா என்று சந்தேகப்படுவதுபோல என்னைப் பார்த்தாள்.

"பயந்தாருன்னா நெனச்சிகினு கீற? மாசம் பூரா ராத்திரில கண்ண மூடல உங்கப்பா. வூடு வேணாம்னு அவரு வாயால எப்டி சொல்லுவாரு, அதுவும் என் தம்பிய வெச்சிகினு? அன்னிக்கி அத சொன்னாரு பாரு, அப்ப அவரு மூஞ்சிய நான் பாத்தேன். அதுக்கு மேல நான் இன்னாத்த சொல்றது? ரயில் ஏறி ஒக்காந்ததும் என் தோள்ல சாஞ்சி தூங்கினாரே, நீ எதுத்தாப்லதான ஒக்காந்திருந்த? பாக்கல?"

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அப்பா அவ்வளவு கூட்டத்தில், வாயைத் திறந்தபடி, அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டு வந்தார். அம்மா ஆடாமல் அசையாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பேய் அடித்தவர்கள் இப்படித்தான் தூங்குவார்கள், தூக்கத்திலேயே போய்விடுவார்கள் என்று எங்கள் லைன் வீட்டில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அதனால் திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய்க்கொண்டிருக்க, அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே அம்பத்தூர் வரை வந்தேன்.